குதிரையும் விடுமுறையும்

விடுமுறை என்றவுடன் நம்மவர் இல்லங்களில் எழும் முதற் பேச்சு, ஊருக்குப் பயணச்சீட்டு கிடைக்குமா என்பதே. ஆண்டுக்கு ஒருமுறை கோடையில் திருநெல்வேலிக்கோ தஞ்சைக்கோ சென்று, உற்றார் உறவினரைக் கண்டு, திருமணம் இரண்டும் காதுகுத்து ஒன்றும் முடித்துக்கொண்டு திரும்புவதே நமக்கு விடுமுறையாக இருந்து வருகிறது. அதனைக் குறை கூறுவார் யாருமிலர். வேர் வாடாமல் இருக்க அந்நீர் வேண்டும். ஆயினும், நாம் வாழும் மண்ணையும் அறிந்துகொள்ள வேண்டாமா? இரண்டு தலைமுறையாக மும்பையில் குடியிருந்தும், மகாலட்சுமி நிலையத்தில் நாள்தோறும் ஏறி இறங்கியும், அருகிலுள்ள பந்தயத் திடலின் உட்புறத்தைக் கண்டிராதோர் நம்மிற் பலர்.

குதிரையை நடுவாக வைத்து அமைக்கத்தக்க மூன்று நாள் விடுமுறை ஒன்றை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறோம். ஒரு நாள் மகாலட்சுமியில் குதிரைப் பந்தயம் காணுதல். இரண்டு நாள் மாத்தேரான் மலையில் குதிரையேறிச் சுற்றுதல். இரண்டு இடங்களும் நம் நகரத்திற்கு அண்மையில் உள்ளவை. நீண்ட விடுப்பும் வேண்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமையுடன் இரண்டு நாள் சேர்ந்தால் போதும்.

ஓர் ஐயம்

குதிரைப் பந்தயம் என்றதும் முகஞ் சுளிப்போர் உண்டு. அவர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. சம்பள நாளன்று கிண்டிக்குப் போனவர் வெறுங்கையுடன் வீடு திரும்பிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1974ஆம் ஆண்டில் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தையும் அதன்மேற் பணம் கட்டுவதையும் ஒழிக்கச் சட்டம் இயற்றியது. வழக்கு நெடுங்காலம் நடந்தது. 1996ஆம் ஆண்டு சனவரியில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பில், குதிரைப் பந்தயத்தின் வெற்றி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்றும், ஆதலின் அதனை வெறுஞ் சூதாட்டம் எனக் கொள்ளலாகாது என்றும் கூறப்பட்டது.

தீர்ப்பை மதிக்கிறோம். எனினும் குடும்பத் தலைவர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது. அத்திறமை எவரிடம் உள்ளது? குதிரையின் வமிசத்தை ஆராய்ந்து வளர்ப்பவரிடம் உள்ளது. விடியற்காலையில் எழுந்து பயிற்சி அளிப்பவரிடம் உள்ளது. மேலேறி ஓட்டும் ஜாக்கியிடம் உள்ளது. பல ஆண்டுகளாக ஓட்டக் குறிப்புகளைப் படித்து வருபவரிடம் ஓரளவு உள்ளது. ஆண்டுக்கு ஒருநாள் குழந்தையின் கைபிடித்துக்கொண்டு வருகின்ற நம்மிடம் அஃது இல்லை. பிறருக்குத் திறமையாக விளங்கும் ஒன்று நமக்கு வெறும் அதிர்ஷ்டமாகவே முடியும். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்ற முதியோர் வாக்கு, உயிருள்ள குதிரைக்கும் இவ்விடத்தில் பொருந்துவது வியப்பே!

ஆகவே நாம் கூறவருவது இதுதான். குதிரையைக் காணச் செல்வோம். பணத்தைக் கருதிச் செல்ல வேண்டா. சிறுவர்களுக்கு அன்று நினைவில் நிற்க வேண்டியது குதிரையின் உருவமும் ஓட்டமும் ஆகும். கிழித்தெறிந்த சீட்டுகளும் தந்தையின் வாடிய முகமும் அவர்கள் நினைவில் நின்றுவிடலாகாது.

எப்போது செல்வது?

இத்தகைய விடுமுறைக்கு நாட்காட்டியே முதல் துணை. மும்பையில் பந்தயப் பருவம் ஏறத்தாழ நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை நடைபெறும். மழைக்காலம் வந்ததும் பந்தயம் புனேக்கு மாறிவிடும். அங்கே சூலை முதல் அக்டோபர் வரை நடைபெறுவது வழக்கம். மாத்தேரானுக்குச் செல்லும் சிறு இரயிலோ, மழைக்காலத்தில் மலையடிவாரத்து நேரலிலிருந்து ஓடுவதில்லை. எனவே மகாலட்சுமியும் மாத்தேரானும் ஒருசேர வாய்ப்பது குளிர்காலத்தில்தான். திசம்பர், சனவரி, பிப்ரவரி ஆகிய மூன்று மாதங்களும் மிகப் பொருத்தமானவை.

பிப்ரவரியின் முதல் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக இந்தியன் டெர்பி நடைபெறும் நாள். 1943இல் தொடங்கிய அப்பந்தயத்தில் முதல் வெற்றி பெற்றது பரோடா மன்னரின் பிரின்சஸ் பியூட்டிபுல் என்ற பெண்குதிரை. நான்கு வயதுக் குதிரைகள் 2,400 மீட்டர் ஓடும் பந்தயம் அது. காண்பதற்கு மிகச் சிறந்த நாள்; கூட்டமும் அன்றுதான் மிகுதி. கைக்குழந்தை உடையோரும் முதியோரை அழைத்துச் செல்வோரும் வேறொரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்துகொள்வது நலம்.

புனேயில் வாழும் நம் குடும்பங்கள் இதே திட்டத்தைச் சற்று மாற்றி அமைக்கலாம். அங்குள்ள பந்தயத் திடல் 1830இல் படைத்துறை நிலத்தில் அமைந்தது. இந்தியன் செயின்ட் லெஜர் என்ற 2,800 மீட்டர் நெடும் பந்தயம் செப்டம்பரில் அங்கே நடைபெறும். பருவத்தின் இறுதியில் பந்தயம் கண்டு, மழை ஓய்ந்தபின் மகாபலேசுவரம் சென்றால், வெண்ணா ஏரிக்கரையில் குதிரையேற்றம் கிடைக்கும்.

ஊர்ப்பயணத்துடன் சேர்த்து உதகையில் பந்தயம் காணலாம் என்று எண்ணுவோர்க்கு ஒரு சொல். உதகைத் திடலின் நிலத்தை 2024ஆம் ஆண்டில் தமிழக அரசு மீட்டுக்கொண்டது. கிண்டித் திடலும் அவ்வாண்டு செப்டம்பரில் முத்திரையிடப்பட்டது. பழைய நினைவை நம்பிப் பயணச்சீட்டு எடுத்துவிட வேண்டா.

முதல் நாள்: மகாலட்சுமி

சதுப்பு நிலமாக இருந்த இடத்தில் 1883இல் அமைந்தது மகாலட்சுமித் திடல். முட்டை வடிவான ஓடுபாதையின் சுற்று ஏறத்தாழ 2,400 மீட்டர். பந்தயங்களை நடத்துவது ராயல் வெஸ்டர்ன் இந்தியா டர்ஃப் கிளப். 2024இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, 211 ஏக்கரில் 120 ஏக்கர் பொதுப் பூங்கா அமைப்பதற்காக மாநகராட்சிக்கும், 91 ஏக்கர் முப்பதாண்டுக் குத்தகையிற் கழகத்திற்கும் எனப் பிரிக்கப்பட்டது. ஆதலின் நுழைவாயில், கட்டணம், சிறுவர்களை அனுமதிக்கும் பகுதி ஆகியவற்றைக் கழகத்திடம் முன்னரே கேட்டறிந்து செல்லுதல் வேண்டும்.

பந்தயம் காண்பதில் முன்பின் பழக்கமில்லாதார் அறியாத செய்தி ஒன்று உண்டு. 2,400 மீட்டர் ஓட்டம் இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். 1,200 மீட்டர் ஓட்டத்திற்கு ஒன்றேகால் நிமிடமே மிகுதி. ஆனால் ஓர் ஓட்டத்திற்கும் அடுத்ததற்கும் இடையே அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். பிற்பகல் முழுவதையும் கணக்கிட்டால், குதிரை ஓடும் நேரம் கால்மணியும் கையில் ஒன்றுமில்லாமல் நிற்கும் நேரம் மூன்று மணியுமாக இருக்கும். பணம் கட்டும் சாளரத்தை நோக்கிக் கால்கள் நடப்பது இந்த இடைவேளையில்தான். ஆதலின் விடுமுறையைத் திட்டமிடுதல் என்பது இவ்வரைமணி நேரங்களைத் திட்டமிடுதலே.

அந்நேரத்தில் காண வேண்டியவை நிரம்ப உள்ளன. ஓட்டத்திற்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டும் இடம் ஒன்று உண்டு; அதனைப் பேடக் என்பர். வேலியோரம் நின்று குழந்தைகளைக் காணச் செய்யுங்கள். எந்தக் குதிரை அமைதியாக நடக்கிறது, எது வியர்த்து நுரை தள்ளுகிறது, எதன் காதுகள் முன்னோக்கி நிமிர்ந்திருக்கின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். பார்த்தபின் ஒவ்வொருவரும் ஒரு குதிரையைத் தெரிந்து தாளில் எழுதி வைக்கட்டும். சரியாகச் சொன்னவருக்கு மாலையில் வடை ஒன்று கூடுதல்! இதைவிட வேறு பந்தயம் வீட்டாருக்குத் தேவையில்லை.

எடைக் கணக்கும் சிறுவர்களுக்குச் சுவையானது. பல ஓட்டங்களில் எல்லாக் குதிரைகளும் ஒரே சுமையைத் தாங்கி ஓடுவதில்லை. வலிய குதிரைக்கு மிகுந்த எடையும் மெலிந்ததற்குக் குறைந்த எடையும் விதிப்பர். அவ்வெடை பெரும்பாலும் ஐம்பது கிலோவுக்கும் அறுபது கிலோவுக்கும் இடைப்பட்டதாக இருக்கும். ஜாக்கியின் உடலெடை போதாவிடில் சேணத்தில் ஈயத்தகடு சேர்ப்பர். ஓட்டம் முடிந்தபின் மீண்டும் நிறுத்துப் பார்ப்பர். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம்மூரிற் சொல்வார்கள். இங்கே கொள்ளு தின்று கொழுத்த குதிரைக்குச் சுமையும் கூடிவிடுகிறது. எல்லோரும் வெல்லும் வாய்ப்பைச் சமமாக்குவதற்குச் செய்த ஏற்பாடு என்று விளக்கினால், எட்டாம் வகுப்பு மாணவன் கணக்குப் பாடம்போல் ஆர்வமாகக் கேட்பான்.

பந்தய நாளின் ஆரவாரம் வேண்டாதோர்க்கு வேறொரு வழியும் உண்டு. பருவ காலத்தில் விடியற்பொழுதில் குதிரைகள் திடலிற் பயிற்சி ஓட்டம் ஓடுகின்றன. பொதுமக்கள் உள்வட்டத்தில் நடைபயில அனுமதிக்கப்படும் காலை வேளையிற் சென்றால், பனிமூட்டத்தினூடே குதிரைகள் மூச்செறிந்து ஓடுவதை எவ்விதச் செலவுமின்றிக் காணலாம். முழுக் குடும்பமும் ஒருமித்து மகிழ்வதற்கு இதுவே மேலானது என்பது நம் கருத்து.

பணப்பையைப் பற்றி

எனினும், வந்ததற்கு ஒருமுறையேனும் கட்டிப் பார்க்கலாமே என்பார் சிலர். பதினெட்டு வயது நிரம்பியவர் எவரையும் தடுக்க நாம் யார்? ஆனால் கட்டும் பணம் எங்கே போகிறது என்பதை அறிந்து கட்டுவது நல்லது.

டோட் எனப்படும் முறையில், எல்லோரும் கட்டும் பணம் ஒரே உண்டியலிற் சேர்கிறது. அதிலிருந்து கழகத்தின் பங்கும் அரசின் வரியும் கழிந்தபின், எஞ்சியதையே வென்றோர் பகிர்ந்துகொள்வர். நூறு பேர் பத்துப் பத்து ரூபாய் கட்டினால் சேர்வது ஆயிரம்; ஆனால் திரும்பி வருவது ஆயிரமன்று. எவர் வென்றாலும், கட்டினோர் அனைவரையும் ஒருங்கு சேர்த்துப் பார்த்தால் நட்டமே மிஞ்சும். பந்தயத்தின் மீதான சரக்கு சேவை வரி 28 விழுக்காடாக இருந்து, 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடாக உயர்ந்திருக்கிறது என்பதையும் நினைவிற் கொள்க. திடலுக்கு வெளியே, கைப்பேசியிலும் தெருமுனையிலும் கணக்கு வைத்துக்கொள்ளும் புக்கிகளிடம் கட்டுவது சட்டப்படி குற்றம். அதன் பக்கமே போகலாகாது.

ஒரு வழி சொல்வோம். புறப்படுமுன் இல்லத்தரசியும் குடும்பத் தலைவரும் கலந்து பேசி, திரைப்படத்துக்குச் செலவிடுவதுபோல் ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள். அத்தொகையைத் தனி உறையிலிட்டு, உறை அம்மையார் கையில் இருக்கட்டும். தீர்ந்தால் தீர்ந்தது. இழந்ததை மீட்பதற்காக இன்னொரு முறை என்ற சொல் எழுந்தால், அதுவே வீட்டுக்குப் புறப்படுவதற்கு மணியடித்த நேரம். குடித்தனத்தைக் கவிழ்த்த கதைகளில் முதற் பந்தயத்தால் கவிழ்ந்தவை சில. மீட்பதற்காகக் கட்டிய பந்தயத்தால் கவிழ்ந்தவையே பல.

இரண்டாம் நாள்: மலையை நோக்கி

கர்ஜத் செல்லும் மின்ரயிலில் ஏறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் நேரல். அங்கிருந்து மாத்தேரானுக்கு இரண்டடி அகலப் பாதையில் ஏறத்தாழ 21 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும் சிறு இரயில், ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தாரின் முயற்சியால் 1907இல் ஓடத் தொடங்கியது. இடம் கிடைக்காதோர் வாடகை வண்டியில் தஸ்தூரி வரை சென்று, அருகிலுள்ள அமன் லாட்ஜ் நிலையத்தில் சிறு இரயில் ஏறலாம்; நடந்தும் போகலாம்.

தஸ்தூரிக்கு அப்பால் மோட்டார் வண்டி கிடையாது. ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்திலுள்ள இம்மலையைத் தாணே மாவட்ட ஆட்சியராயிருந்த மாலெட் 1850இல் கண்டறிந்து வெளியுலகுக்கு அறிமுகம் செய்தார். 2003இல் மைய அரசு இதனைச் சூழல் காப்பு மண்டலமாக அறிவித்தது. செம்மண் பாதைகளிற் கால்நடையும் குதிரையுமே நெடுங்காலமாக வழக்கம். ஆதலின் நூற்றுக்கணக்கான குதிரைகள் அங்கே உழைத்துப் பிழைக்கின்றன. முதல் நாள் வேலிக்கு அப்பால் நின்று கண்ட விலங்கை, இங்கே கைநீட்டித் தடவலாம்.

சேணத்தில் ஏறுமுன்

குதிரையைத் தேர்ந்தெடுத்தலே பாதி வேலை. முதலில் சில அடிகள் நடத்திக் காட்டச் சொல்லுங்கள். நொண்டும் குதிரையை ஏற்க வேண்டா. சேணத்தின் கீழும் வயிற்றுவார் உராயும் இடத்திலும் புண் உளதா என்று பாருங்கள். விலா எலும்பு துருத்தி நிற்கும் குதிரை சுமைக்கு உரியதன்று. குதிரை தாங்கும் சுமை, சேணத்தோடு சேர்த்து, அதன் உடலெடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பது பொதுவான அளவு. இருநூற்றைம்பது கிலோ எடையுள்ள மலைக்குதிரைக்கு ஐம்பது கிலோதான் கணக்கு. நம்முள் உடல் பருத்தவர்கள் உண்மையை ஒப்புக்கொண்டு நடப்பதே குதிரைக்கும் நல்லது, அவர்க்கும் நல்லது.

குழந்தைக்குத் தலைக்கவசம் இன்றியமையாதது. அங்கே கிடைக்கும் என்று எண்ணியிராமல், மிதிவண்டிக்கு வாங்கியதையேனும் வீட்டிலிருந்து எடுத்துச் செல்லுங்கள். குதிரையேற்றத்திற்கென்றே அமைந்த கவசம் கிடைப்பின் மிக நன்று. முழங்கால் மறைக்கும் தடித்த காற்சட்டையும் சிறிது குதியுள்ள மூடுகாலணியும் வேண்டும். செருப்பணிந்த கால் அங்கவடிக்குள் புகுந்து சிக்கிக்கொண்டால், விழுபவரைக் குதிரை இழுத்துச் சென்றுவிடும். அங்கவடியில் முன்னங்காலை மட்டும் ஊன்றி, குதிகாலைத் தாழ்த்தி, முதுகை நிமிர்த்தி உட்காருவதே முறை.

ஏறுவது குதிரையின் இடப்பக்கத்திலிருந்து. பின்புறமாக அணுகக் கூடாது. பின்னால் நிற்பவரைக் குதிரை காணாமையால் அஞ்சி உதைக்கும். கடிவாள வாரை இறுக்கிப் பிடித்தால் அதன் வாய் நோகும். முதல் நாள் நடை மட்டும் போதும். நடை, துள்ளோட்டம், பாய்ச்சல் என்று படிப்படியாகக் கற்க வேண்டிய கலை இது. வாடகைக்கு எடுத்த ஒருமணி நேரத்திற்குள் பாய்ச்சல் விட நினைப்பது, நீச்சல் தெரியாமல் நடுக்கடலிற் குதிப்பதை ஒக்கும். கற்கும் ஆர்வம் பிள்ளைக்குப் பிறந்துவிட்டால், நகரத்துக்குத் திரும்பியபின் முறையான பயிற்சிக்கழகத்திற் சேர்க்கலாம். மும்பையில் 1942 முதல் அமெச்சூர் ரைடர்ஸ் கிளப் என்ற கழகம் அத்துறையில் இயங்கி வருகிறது.

குதிரைக்காரரும் நாமும்

இறுதியாக, மலைமேல் நாம் சந்திக்கும் மனிதரைப் பற்றிச் சில சொற்கள். குதிரைக்குத் தீனியும் லாடமும் மருந்தும், மழைக்கால நான்கு மாதத்தில் வருவாயற்ற நாட்களும் அவர் தலையில் விழுந்த செலவுகள். 2022இன் இறுதியிலிருந்து மலையில் மின் ரிக்ஷாக்கள் சோதனை முறையில் ஓடத் தொடங்கின. மனிதன் இழுக்கும் ரிக்ஷாவை ஆறு மாதத்திற்குள் ஒழிக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. மனிதனை மனிதன் இழுக்கும் வழக்கம் ஒழிவது நீதியே. ஆயினும் புதிய வண்டிகள் வந்தால் தம் பிழைப்பு என்னாகும் என்ற கவலை குதிரைக்காரர்களுக்கு உண்டு.

வாசலில் தவறான செய்தி சொல்லிப் பயணிகளை ஏமாற்றுகிறார்கள் என்று 2025 மார்ச்சில் மாத்தேரான் ஊராரே கடையடைப்பு நடத்தியதும் உண்மை. ஆதலின் எவ்விடம் வரை, எத்தனை மணி, எத்தனை ரூபாய் என்பதை ஏறுமுன் பேசி முடித்துக்கொள்ளுங்கள். பேசிய பின் குறைக்க வேண்டா. அவரைப் பிள்ளைகள் "காகா" என்று மரியாதையாக அழைக்கட்டும். மராத்தி தெரிந்த பிள்ளை குதிரையின் பெயரையும் வயதையும் கேட்கட்டும். மணி முடியுமுன்னே குதிரை களைத்துவிட்டால் இறங்கிவிடுங்கள். பணம் கொடுத்தாயிற்றே என்று கடைசி நிமிடம் வரை உட்கார்ந்திருப்பது, திடலில் இழந்ததை மீட்கத் துடிப்பவனின் மனத்தோடு ஒட்டிய மனமே.

மூன்றாம் நாள் காலை எவ்விதத் திட்டமும் வேண்டா. எதிரொலி முனைக்கோ சார்லட் ஏரிக்கோ காலார நடந்து, நண்பகல் இரயிலிற் புறப்பட்டால் இரவு உணவுக்கு வீடு வந்து சேரலாம். அடுத்த வாரம் பள்ளியில் விடுமுறையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். நம் பிள்ளை எழுதும் கட்டுரையில், தான் ஏறிய குதிரையின் பெயர் இருக்குமானால், செலவிட்ட பணம் வீணாகவில்லை என்று நாம் மகிழலாம்.